பருப்புப் புரதமா, கோழிப் புரதமா: தொப்பை குறைய எது?

திருப்பூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, உயரம் 166 செ.மீ., எடை 74 கிலோ. பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, காலையில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை நாற்காலிதான். போன மாதம் வயிற்று ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (ஈரலில் கொழுப்பு) கிரேடு 1 என்று வந்தது, மூன்று மாத சர்க்கரை (HbA1c) 5.9. "சோற்றைக் குறைங்க, புரோட்டீனைக் கூட்டுங்க, நடங்க" என்று டாக்டர் சொன்னார். எப்படிக் கூட்டுவது என்று கேட்க அங்கே நேரம் இல்லை.

வீட்டில் சைவம். முட்டை நான் வெளியில் மட்டும் சாப்பிடுவேன், வீட்டுக்குள் வராது. இரண்டு வாரமாக ஜிம் போகிறேன். அங்கே பயிற்சி கொடுக்கும் தம்பி, "அண்ணா, பருப்பு, சுண்டல் எல்லாம் பேருக்குத்தான் புரோட்டீன், உள்ளே இருக்கிறது மாவுதான், அதைச் சாப்பிட்டா தொப்பை கூடத்தான் செய்யும், ஒண்ணு கோழி சாப்பிடுங்க இல்லைன்னா வே பவுடர் வாங்குங்க" என்கிறார். (வே என்பது பாலிலிருந்து எடுக்கும் புரதமாம்.) அம்மா, இளைத்தவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லித் தினமும் கொள்ளு ரசம் வைக்கிறார். இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், ஆனால் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை.

நான் சாப்பிடுவதையும் சொல்லிவிடுகிறேன். காலை 5 இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு (ஒன்றரைக் குத்து என்பார்கள், அரிசியாக அளந்தால் 150 கிராம் இருக்கும்), சாம்பார், ரசம், ஒரு பொரியல், தயிர். சாயங்காலம் டீயோடு ஏதாவது வடை அல்லது பன். இரவு 3 சப்பாத்தி, குருமா. நடுவில் இன்னொரு டீ. அவ்வளவுதான், தின்பண்டம் பெரிதாக இல்லை. இதில் புரதம் எங்கே குறைகிறது? புரதம் எங்கிருந்து வருகிறது என்பது உடம்புக் கொழுப்பில் உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா? மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியை எரிக்கும் வேகம், கூடும் என்கிறார்களே, அது எவ்வளவு?

கோவை டயட்டீஷியன்:

கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதில் கொஞ்சம் நீளும். 11 வருடமாக உணவு ஆலோசனைதான் என் வேலை, உங்கள் தட்டைப் போன்ற தட்டை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம், ஆக ஐந்துக்குப் 10. சோற்றில் 10, 11. மூன்று சப்பாத்தியில் 9. சாம்பார் இரண்டு வேளையும் சேர்த்து 6, 7 வரும், ஏனென்றால் ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு என்று பார்த்தால் கொஞ்சம்தான், மீதி புளித்தண்ணீரும் காயும். தயிரும் டீயில் உள்ள பாலும் 7, 8. மொத்தம் 45 பக்கம் நிற்கும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் பரிந்துரைத்தது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், உங்கள் எடைக்கு 61 கிராம். எனவே 15 கிராமுக்கு மேல் பள்ளம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த 45இல் மூன்றில் இரண்டு பங்கு அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வருகிறது. பருப்பு சாப்பிட்டுத் தொப்பை வந்தது என்று சொல்ல உங்கள் தட்டில் பருப்பே இல்லை.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. அதில் 5 சதவீதக் கலோரியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு வகைப் புரதத்தையோ பால் புரதத்தையோ வைத்துப் பார்த்தால் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவாக இருப்பது தெரிந்தது. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை பார்த்து எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 5.9, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், இருக்கிறவர் இதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

சரி, எந்தப் புரதம் என்ற கேள்வி. உங்களுக்கு நேராகப் பொருந்துகிற ஒரு ஆய்வு 2017இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் பக்கம் நடந்தது. டைப் 2 சர்க்கரை உள்ள 37 பேருக்கு 6 வாரம், கலோரியைக் குறைக்காமல், அதில் 30 சதவீதம் புரதமாகக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு இறைச்சி, பால் பொருட்கள். மறுபாதிக்குப் பட்டாணிப் புரதம் சேர்த்த ரொட்டி, நூடுல்ஸ் போன்றவை. ஈரலில் இருந்த கொழுப்பு முதல் குழுவில் 48 சதவீதமும் இரண்டாவது குழுவில் 36 சதவீதமும் குறைந்தது. இத்தனை சின்ன எண்ணிக்கையில் அந்த 48, 36 வித்தியாசத்தை வைத்து மாமிசம் ஜெயித்தது என்று சொல்லக் கூடாது, இரண்டுமே வேலை செய்தன என்றுதான் எடுக்க வேண்டும். 30 சதவீதம் என்பது நாளுக்கு 150 கிராம் போல வரும், அதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நான் சொல்ல வருவது, பட்டாணியிலிருந்து வந்த புரதம் என்பதால் ஈரல் அதை ஒதுக்கிவிடவில்லை.

மெட்டபாலிசம் பற்றி. புரதத்தைச் செரித்து உடம்பு எடுத்துக்கொள்ளவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3க்குள். இதைக் காட்டித்தான் புரதம் கொழுப்பை எரிக்கும் என்று விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் 45இலிருந்து 85 கிராமுக்குப் போனாலும் கூடுவது 160 கலோரிப் புரதம், சோற்றுக்குப் பதில் அது வருவதால் கூடுதலாக எரிவது 30 கலோரி அளவு. அரை இட்லி. அதற்காக யாரும் பவுடர் வாங்க வேண்டியதில்லை.

பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சாயங்காலம் வடை தேடுகிறீர்கள் இல்லையா, அதுதான். சிம்ப்சன், ராபன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: உடம்பு தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும் வரை பசியை விடாது, தட்டில் புரதம் நீர்த்துப்போய் இருந்தால் அந்த அளவை எட்டுவதற்காக மொத்தச் சாப்பாடு கூடிவிடும் என்று. எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மதியத் தட்டில் கெட்டிப் பருப்பும் தயிரும் கூடியவர்கள் ஐந்து மணிப் பசி அடங்கிவிட்டது என்று என்னிடம் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

எடைதூக்கி:

ஜிம் தம்பிகள் சார்பில் ஒரு வார்த்தை, நானும் எட்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறவன். உங்கள் ஜிம் தம்பி சொன்னதில் பாதி சரி. பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், அதோடு 55, 60 கிராம் மாவுச்சத்தும் வருகிறது, அதை மறைக்க முடியாது. ஒரு புரதத்தோடு கூட என்ன வருகிறது என்பதுதான் நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி. 20 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி 90 கிராம், 110 கலோரியில் முடிந்துவிடும். மீல் மேக்கர் உலர்ந்தது 40 கிராம், 140 கலோரி. முட்டை மூன்று, 210. துவரம்பருப்பு 90 கிராம், 300. பன்னீர் 110 கிராம், அதுவும் 300 தொடும். வேர்க்கடலையில் அதே 20 கிராமை எடுக்க 80 கிராம் தின்ன வேண்டும், 450 கலோரி. சைவம் சாப்பிடுகிறவர்கள் புரோட்டீன் என்று நினைத்துக் கடலை, முந்திரி, பாதாம் என்று கைநிறைய அள்ளுவதைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அது நல்ல உணவுதான், ஆனால் முதலில் அது கொழுப்பு உணவு. அசைவத்திலும் இதே தப்பு நடக்கிறது. பிரியாணியில் இரண்டு துண்டுக் கறி, மீதி எண்ணெய் ஊறிய சோறு, அதைச் சாப்பிட்டுவிட்டு இன்றைக்குப் புரோட்டீன் ஆச்சு என்பார்கள்.

அவர் சொன்ன மறுபாதி தப்பு. பருப்புப் புரதத்தில் தசை வளராது என்று நானும் முன்பு நம்பினேன். 2021இல் பிரேசிலின் சாவோ பாலோவில் 38 இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள், பாதிப் பேர் பால் கூடத் தொடாத முழுத் தாவர உணவுக்காரர்கள், பாதிப் பேர் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். இரண்டு பக்கமும் கிலோவுக்கு 1.6 கிராம் வருகிற மாதிரி பவுடர் சேர்த்து, சோயா ஒரு பக்கம் வே ஒரு பக்கம், 12 வாரம் எடைப் பயிற்சி. கால் தசையும் பலமும் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி கூடின. அதைப் படித்த பிறகு சைவக்காரர்களிடம் நான் பேசுவதை மாற்றிக்கொண்டேன்.

அண்ணா, இன்னொன்று. எடையைக் குறைக்கும்போது எடைப் பயிற்சியை விடாதீர்கள். 2016இல் கனடாவில் 40 இளைஞர்களுக்கு 4 வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்து, கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்து தசை அப்படியே நின்றது, 2.4 கிராம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து தசை 1.2 கிலோ கூடியது. நம் வயதில், நம் வேலையில் அந்த அளவு தேவையும் இல்லை, நடக்கவும் நடக்காது. ஆனால் திசை அதுதான்.

அடுக்களைக்காரி:

நான் ஈரோடு, எங்கள் வீட்டிலும் சைவம், என் வீட்டுக்காரருக்கும் இதே ஃபேட்டி லிவர்தான் வந்தது. நிபுணர்கள் சொன்ன கணக்கை அடுப்பில் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன் தம்பி.

கொள்ளு ரசத்தை அம்மா வைக்கட்டும், ஆனால் ரசத்தில் இறங்குவது கொள்ளு வெந்த தண்ணீர்தான், புரதம் கொள்ளில் தங்கிவிடும். அந்தக் கொள்ளை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். எங்கள் பக்கம் அதைச் சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு போட்டு ஆட்டுக்கல்லில் கடைந்து கொள்ளுப்பருப்பாகச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவோம். அந்தக் கடைசல்தான் உங்களுக்கு வேண்டியது, ஒரு கைப்பிடிக் கொள்ளில் 8, 9 கிராம் புரதம், நாரும் நிறைய. அம்மா சொன்ன பழமொழி தப்பில்லை, பாத்திரம்தான் மாறிவிட்டது.

இட்லியை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்து மற்ற நாள் அடை ஊற்றினேன், அரிசியும் பருப்பும் சமமாகப் போட்டு. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு மூன்றும். இட்லி மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அடையில் பாதிக்குப் பாதி. இரண்டு அடை சாப்பிட்டால் பதினோரு மணிக்கு வயிறு கூப்பிடாது. எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்ற வேண்டும், இல்லை என்றால் அடை எண்ணெயைக் குடித்துவிடும். சாம்பாரை விட மாட்டேன் என்றார், சரி என்று பருப்பை இரண்டு மடங்கு போட்டுக் கெட்டியாக வைத்தேன். சாயங்காலம் சுண்டல், வேக வைத்து டப்பாவில் கொடுத்துவிடுவேன், ஆபீசில் டீக்கடைக்குப் போகாமல் இருக்க அதுதான் உதவியது. முதல் பத்து நாள் வாயுத் தொல்லை இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயமும் இஞ்சியும் போட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிவிடும்.

எட்டு மாதத்தில் இடுப்பு 98 செ.மீ.யிலிருந்து 91க்கு வந்தது. எடை 4 கிலோதான் குறைந்தது. அதனால் அவர் நடுவில் சோர்ந்துபோய் விட்டுவிடப் பார்த்தார், அளவு டேப்பைக் காட்டித்தான் தொடர வைத்தேன்.

கோவை டயட்டீஷியன்:

அக்கா சொன்ன டேப் விஷயத்தை எல்லோரும் பிடித்துக்கொள்ள வேண்டும். 2012இல் அமெரிக்காவின் லூசியானாவில் 25 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, 8 வாரம் தினமும் சுமார் 950 கலோரி அதிகமாகக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 5 சதவீதம் புரதம், அடுத்ததற்கு 15, மூன்றாவதற்கு 25. புரதம் குறைந்தவர்கள் ஏற்றியது 3 கிலோ, மற்றவர்கள் 6 கிலோவுக்கு மேல். தராசை மட்டும் பார்த்தால் குறைந்த புரதம் நல்லது என்று தோன்றும். உள்ளே பார்த்தால் மூன்று குழுவிலும் ஏறிய கொழுப்பு ஏறக்குறைய ஒன்று, மூன்றரை கிலோ. புரதம் குறைந்தவர்கள் கொழுப்பை ஏற்றிக்கொண்டே தசை உள்ள உடம்பை இழந்திருந்தார்கள், சும்மா இருக்கும்போது எரியும் கலோரியும் அவர்களுக்குக் கூடவில்லை, மற்ற இரண்டு குழுவுக்கும் கூடியது. அதிகமாகத் தின்றால் எந்தப் புரதமும் கொழுப்பைத் தடுக்காது என்பதும் இதிலேயே இருக்கிறது.

நம் ஊர் உடம்புக்கு இது இன்னும் பொருந்தும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக் 2004இல் தன்னையும் லண்டனில் இருந்த சக மருத்துவர் ஒருவரையும் ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு) 22.3. அவர் உடம்பில் கொழுப்பு 21.2 சதவீதம், மற்றவருக்கு 9.1. ஒல்லியாகத் தெரிந்தும் கொழுப்பு கூடிய உடம்பு நமக்குச் சாதாரணம், அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

கடலோரத்தான்:

அசைவம் சாப்பிடுகிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: கோழிதான் புரதம் என்று ஏன் நினைக்க வேண்டும்? மத்தி மீனில் 100 கிராமுக்கு 20 கிராம் இருக்கிறது, ஒமேகா 3 கொழுப்பும் கூடவே வரும், எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மலிவாகவும் கிடைக்கும். பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ வையுங்கள். பொரித்தால் மீனின் நன்மையை எண்ணெய் தின்றுவிடும்.

திருப்பூர்வாசி:

எல்லோருக்கும் மனதார நன்றி. அடுக்களைக்காரி அக்கா, உங்கள் பதிலை அப்படியே அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரசத்துக்கு வடித்த கொள்ளைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். இனி கடைந்து தருகிறேன் என்றார்.

இப்படிப் போட்டுப் பார்த்தேன், சரியா சொல்லுங்கள்: காலை இரண்டு அடை, ஒரு சின்னக் கிண்ணம் தயிர். மதியம் அரிசி பாதியாக 75 கிராம், பருப்பு 40 கிராம் கெட்டியாக, பொரியல், தயிர். சாயங்காலம் கொண்டைக்கடலை 40 கிராம் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி, மீல் மேக்கர் 30 கிராம் போட்ட குருமா. டீ இரண்டு. கூட்டினால் 74 கிராம் பக்கம் வருகிறது. வெளியில் முட்டை சாப்பிடும் நாளில் 85. இரண்டு சந்தேகம் மிச்சம். பருப்புப் புரதம் முழுமையில்லாதது, அதனால் கணக்கில் பாதிதான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அப்புறம் கிட்னிக்கு ஒன்றும் ஆகாதே? என் பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் வரை போனது, அதனால் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

கோவை டயட்டீஷியன்:

கணக்கு சரி. பாதியாக எடுக்க வேண்டியதில்லை. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அரிசியில் அது உண்டு. ஒரே நாளில் இரண்டும் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும், பொங்கலும் அடையும் பருப்புச் சோறும் இதைத்தான் செய்கின்றன. செரிமானத்தில் முட்டை, பாலைவிடப் பருப்பு கொஞ்சம் பின்தங்கும், அதனால் 61இல் நிறுத்தாமல் 74க்குப் போவது சரியான முடிவு. தயிரும் மீல் மேக்கரும் அந்த இடைவெளியை இன்னும் குறைத்துவிடும்.

கிட்னி விஷயத்தில் பயம் நியாயமானது, குடும்பத்தில் இருந்திருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் என்பது சுமை அல்ல. ஏற்கெனவே பழுது இருந்தால் கதை வேறு, அங்கே புரதத்தைக் கூட்டக் கூடாது, சில சமயம் குறைக்கவும் வேண்டும். ஆரம்பப் பழுது வெளியே தெரியாது. ஆகவே உணவை மாற்றும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ஜிஎஃப்ஆர், சிறுநீரில் அல்புமின் மூன்றும் பார்த்துவிடுங்கள், ரத்த அழுத்தத்தையும். முடிவை உங்கள் டாக்டரிடம் காட்டி, "74 கிராம் எடுக்கலாமா" என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள், அப்போது அவரும் எண்ணில் பதில் சொல்வார். பவுடர் வேண்டாம், இந்தத் தட்டுக்கு அது தேவையே இல்லை. 2024இல் வந்த ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டியும் அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

சோற்றை ஒரே நாளில் பாதியாக்காதீர்கள். முதல் வாரம் 120 கிராம், அடுத்த வாரம் 100, பிறகு 75. நாளைக் காலையில் பல் துலக்கியதும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

திருப்பூர்வாசி:

இன்று காலை அளந்தேன், 97. ரத்தப் பரிசோதனைக்குச் சனிக்கிழமை போகிறேன், முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். மீல் மேக்கரை எடுத்தேன், சமைத்தால் ஒரு மாதிரி வாடை வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள், அதற்கு ஏதாவது வழி உண்டா அக்கா?

அடுக்களைக்காரி:

உண்டு தம்பி. கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு ஐந்து நிமிடம் வேகவிட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கைக்குள் வைத்து நன்றாகப் பிழியச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் தயிர், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுதில் அரைமணி நேரம் ஊறட்டும். அதற்கப்புறம் குருமாவில் போட்டால் வாடை இருக்காது. 30 கிராமை உலர்ந்ததாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள், ஊறினால் மூன்று மடங்கு எடை காட்டும்.